ஸ்டீராய்டு ஆரம்பித்து ஐந்து வாரம்: சுகர் 118தான், எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, ஏன்?

செவ்வந்தி | மார்ச் 9, இரவு 10.12

வணக்கம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், அம்மா காரைக்குடியில். வயது 61. சுகர் வந்து 12 வருஷம். மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு 1. இதிலேயே இத்தனை வருஷம் வண்டி ஓடிவிட்டது.

கார்த்திகையில் வாயில் புண் வந்தது. சூட்டுப் புண் என்று மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால் என்று இரண்டு மாதம் போய்விட்டது. முதுகில் கொப்புளம் வந்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனோம். சதை எடுத்து பயாப்ஸி செய்து ‘பெம்பிகஸ்’ என்றார், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளமாக்கும் நோயாம். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம், காலை சாப்பிட்டதும். கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின். புதுக் கொப்புளம் நின்றுவிட்டது, அதில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் ஐந்து வாரத்தில் 58 கிலோ 63 ஆகிவிட்டது. முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிப் பீரோவில் வைத்திருக்கிறார். போன வாரம் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு, “இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் வரல” என்று சொல்லிவிட்டார். வாய்ப் புண்ணால் காரம், கடினமானது எதுவும் இறங்காது. மூன்று வேளையும் கஞ்சி, இட்லியைப் பாலில் கரைத்து, மதியம் இளநீர். இவ்வளவுதான் சாப்பாடு. இதற்கா ஐந்து கிலோ?

வெறும் வயிற்றில் சுகர் 118. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு, “கன்ட்ரோல்லதான் இருக்கு, சாப்பாட்டைக் குறைங்க” என்றார். அம்மா ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகிறார். அது வயசு என்கிறார். எடையை எப்படிக் குறைப்பது? பக்கத்து வீட்டு ஆச்சி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடு என்கிறார். கொடுக்கலாமா?

ரத்தினம்_65 | மார்ச் 9, இரவு 10.51

பாதியா உடைக்கிற வேலையே வேண்டாம்மா. முதல்ல அந்த யோசனைய விடுங்க.

எனக்கு 2014ல கிட்னி மாத்தினாங்க. அப்போலருந்து ஸ்டீராய்டு என் கூடவே குடும்பம் நடத்துது. எனக்கும் இதே கதைதான் நடந்துச்சு. காலைல 110, 115னு பாத்துட்டு சந்தோஷமா இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் பேரன் விளையாட்டுக்கு மிஷின எடுத்து என் விரல்ல குத்தினான். 340.

காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டா, அதோட வேலை மதியத்துக்கு மேலதான் சூடு பிடிக்கும். மத்தியானச் சாப்பாட்டுல தொடங்கி ராத்திரி வரைக்கும் சுகர் ஏறும். விடியறதுக்குள்ள அது அடங்கிடும். நீங்க காலைல வெறும் வயித்துல பாக்குறது, திருடன் போனப்புறம் கதவைப் பூட்டிட்டு வீட்டுல எல்லாம் சரியா இருக்குனு சொல்ற மாதிரி. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் வயசு இல்ல, சுகர்.

நாளைக்கு மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. கைய சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சுட்டுக் குத்துங்க. பழம் வெட்டின கையோட குத்திட்டு 400னு அலறினவங்களும் உண்டு. எங்க வீட்டுலயே உண்டு.

வேப்பம்பூ | மார்ச் 10, காலை 6.30

இந்த ஸ்டீராய்டே விஷம். ஒரு நோய்க்குக் கொடுத்து நாலு நோய் வாங்கித் தரும். கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் கொடுங்கள். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திக் கருப்பட்டிக்கு மாறுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் பொடி கொடுக்கிறார். மூட்டு வலி, இளைப்பு எல்லாம் பத்தே நாளில் பறக்கும். எந்தப் பக்க விளைவும் கிடையாது. நல்ல பசி எடுக்கும், உடம்பும் தேறும்.

வார்டு_நம்பர்_7 | மார்ச் 10, காலை 7.45

பொது மருத்துவன். அரசு ஆஸ்பத்திரி. டியூட்டிக்குப் போகும் முன் அவசரமாக எழுதுகிறேன்.

வேப்பம்பூ ஐயா, பத்து நாளில் வலி பறந்து, பசி எடுத்து, உடம்பும் தேறுகிறது என்று நீங்கள் சொல்லும் அடையாளங்களைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம்தான். லேபிள் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நம் நாட்டில் பழைய வியாபாரம். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. படித்த சித்த மருத்துவர் பெயர் போட்டுச் சீட்டு எழுதித் தருவார், இவர்கள் பொட்டலம் மடித்துத் தருவார்கள். உருண்டை முகத்தோடு எங்களிடம் வந்து, “நான் இங்கிலீஷ் மருந்தே தொட்டதில்லை” என்று சத்தியம் செய்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

பெம்பிகஸ் சாதாரண வாய்ப் புண் அல்ல. ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் அந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. செவ்வந்தி, உங்கள் அம்மாவின் தோலை இப்போது பிடித்து நிறுத்தியிருப்பது அந்த மாத்திரைதான்.

பாதியாக உடைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீரகத்தின் தலையில் அட்ரீனல் என்று இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்கு அன்றாடம் வேண்டிய கார்ட்டிசாலை அவைதான் சுரக்கும். பிரட்னிசோலோன் கணக்கில் அது ஏறத்தாழ 5 மில்லிகிராம். வெளியிலிருந்து 40 வந்துகொண்டிருந்தால் சுரப்பி கடையைச் சாத்திவிட்டுத் தூங்கிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தலைச்சுற்றல், பிரஷர் இறங்குவது, உயிருக்கே ஆபத்து. குறைப்பதைத் தோல் டாக்டர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

மற்றபடி ரத்தினம் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. இன்று மாலை பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

செவ்வந்தி | மார்ச் 10, மாலை 4.38

தம்பியை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். 372. கை கழுவி மறுபடி பார்த்தான், 368.

எனக்குக் கை நடுங்குகிறது. பிப்ரவரி நடுவில் எடுத்த மூன்று மாத சுகர் 7.1தானே இருந்தது?

வார்டு_நம்பர்_7 | மார்ச் 10, மாலை 5.05

பதற வேண்டாம். ஆனால் நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம். மூன்று மாத சுகர் என்பது சராசரி. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரமே ஆன நிலையில் எடுத்தால், அதற்கு முந்தைய பத்து வார நல்ல நாட்கள் அந்த எண்ணைப் பிடித்து இழுத்துவைத்திருக்கும்.

அம்மா தெளிவாகப் பேசுகிறாரா? தண்ணீர் குடிக்க முடிகிறதா? வாந்தி, காய்ச்சல், அரைத்தூக்கம், பேச்சுக் குழறல், மீட்டரில் எண்ணுக்குப் பதில் ‘எச்ஐ’ (மீட்டரால் அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று அர்த்தம்) என்று வருவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால்கூட இப்போதே ஆஸ்பத்திரி. இல்லையென்றால் இன்றே சுகர் டாக்டருக்குப் போன் செய்து, “ஸ்டீராய்டு 40, மாலை சுகர் 372” என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாகத்தான் வைத்தியம் நடக்கும்.

இப்படிப்பட்ட நிலையில் பெரும்பாலும் காலையில் ஓர் இன்சுலின் சேர்ப்போம். பால் மாதிரிக் கலங்கலாக இருக்கும் என்.பி.எச். வகை. காலையில் போட்டால் அதுவும் மதியம்தான் உச்சத்துக்கு வரும், ஸ்டீராய்டு ஏறும் நேரத்துக்கு ஏறத்தாழ ஒத்துப்போகும். எத்தனை யூனிட் என்பதை இங்கே கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டேன். எடை, சிறுநீரகம், சாப்பாடு பார்த்து நேரில் முடிவு செய்ய வேண்டியது.

ஊசிமுனை | மார்ச் 10, இரவு 8.20

நான் ஸ்டாஃப் நர்ஸ். இன்சுலின் எழுதிக் கொடுத்தால் ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள் செவ்வந்தி. நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் மருந்துக்கு. மெடிக்கல் ஷாப்பில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். 40 பாட்டிலை ஆரஞ்சு சிரிஞ்சில் இழுத்தால் சேர வேண்டியதில் பாதிகூடச் சேராது. மாற்றி நடந்தால் இரண்டரை மடங்கு ஏறும், அது இன்னும் மோசம். பாட்டிலில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40 இருக்க வேண்டும். வாசித்துப் பார்த்தே வாங்குங்கள்.

கலங்கல் இன்சுலினைக் குலுக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, சப்பாத்தி மாவு உருட்டுவது போல மெதுவாக உருட்டுங்கள். அடியில் வெள்ளை தங்கியிருந்தால் இன்னும் உருட்ட வேண்டும் என்று அர்த்தம். தொப்புளுக்கு இரண்டு விரல்கடை தள்ளி, தினமும் இடத்தை மாற்றி மாற்றி. கொப்புளம், புண் இருக்கிற தோலில் போடவே கூடாது. உங்கள் அம்மா விஷயத்தில் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

அடுப்பங்கரை_அரசி | மார்ச் 11, காலை 11.15

நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். என் மாமியாருக்கு இதே பெம்பிகஸ், இதே சுகர். இரண்டு வருஷம் சமைத்துப் போட்ட அனுபவம்.

“கஞ்சிதானே குடிக்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கஞ்சிதான்மா வில்லன். குழைய வேக வைத்து வடித்த அரிசி, மாவாகி ரத்தத்தில் ஓடும். கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். தானியம் மாறினாலும் கரைத்துக் குடித்தால் கிட்டத்தட்ட ஒரே ஓட்டம். கம்பு நல்லதுதான், களியாகவோ சாதமாகவோ மென்று சாப்பிடுகிறவருக்கு. இளநீரில் உள்ளது சர்க்கரைத் தண்ணீர். கருப்பட்டிக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது, ரத்தத்தில் இரண்டும் சர்க்கரைதான்.

வாய் எரியாமல் இறங்கியவை: பாசிப்பருப்பைக் குழைய வேக வைத்து மத்தால் கடைந்து, மிளகாய் புளி இல்லாமல் சீரகம் மட்டும் போட்ட பருப்பு, கெட்டியாக ஒரு கிண்ணம். முட்டையைப் பால் ஊற்றி அடித்து, இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்தால் பஞ்சு மாதிரி வரும். புளிக்காத தயிர். பனீரை உதிர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. பாலக், அரைக்கீரை மசியல். சுரைக்காய், பீர்க்கங்காய் கூட்டு. அசைவம் உண்டென்றால் வஞ்சிரம் அல்லது சங்கரா, உப்பு மஞ்சள் மட்டும் போட்டு வேக வைத்து, முள்ளெடுத்துப் பிசைந்து. இவற்றை முதலில் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு கரண்டி சாதத்தைக் குழைத்துக் கொடுங்கள். வரிசையை மாற்றினதுக்கே மாமியாரின் மத்தியான சுகர் இறங்கியது. எல்லாவற்றையும் ஆற வைத்துக் கொடுங்கள், சூடு பட்டால் புண் மறுபடி எரியும்.

இன்னொன்று பசி. இந்த மாத்திரை கொடுக்கிற பசி சாதாரணப் பசி இல்லை. என் மாமியார் ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து, பேத்தி டப்பாவிலிருந்து பால் பிஸ்கட்டைத் தண்ணீரில் முக்கித் தின்பார். காலையில் நாங்கள் டப்பாவைத் திறந்தால் தூள்தான் இருக்கும். முதலில் சண்டை போட்டேன், அது என் தப்பு. பிறகு தலைமாட்டில் ஒரு சொம்பு நீர்மோரும் மூடி போட்ட கிண்ணத்தில் பருப்புக் கடைசலும் வைக்க ஆரம்பித்தேன். பிஸ்கட் டப்பா பரணுக்குப் போனது.

ரத்தினம்_65 | மார்ச் 11, மதியம் 1.02

அரசிக்கு ஒரு சலாம். நான் பத்து வருஷமா தேடின விஷயம் அந்த ராத்திரிக் கிண்ணம்.

உப்பையும் சொல்லிடறேன். எடையில ஒரு பங்கு தண்ணி. ஸ்டீராய்டு உப்பைப் பிடிச்சு வைக்கும், உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். மோதிரம் இறுகுது, செருப்பு வார் தழும்பு காலில விழுதுனா அது கொழுப்பு மட்டும் இல்ல. அப்பளம், ஊறுகாய், கருவாடு, வத்தல், பாக்கெட் சூப் இந்த அஞ்சும் எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கு, உள்ள விடறதில்ல. எனக்கு முதல் மூணு வாரத்துல ரெண்டு கிலோ இறங்கினது வெறும் உப்புக் குறைப்புல.

தினமும் எடை பாக்காதீங்க, மனசு கெடும். வாரத்துல ஒருநாள், காலைல பாத்ரூம் போயிட்டு வந்து, அதே சேலைல. ஒரேடியா மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறி, காலும் வீங்கி, மூச்சும் வாங்கினா டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

நாற்காலி_ஆசிரியர் | மார்ச் 12, காலை 9.40

பிசியோதெரபி செய்கிறவன். எல்லோரும் எடையைக் குறைப்பது பற்றியே பேசுகிறீர்கள். ஸ்டீராய்டு வயிற்றிலும் கழுத்துக்குப் பின்னாலும் கொழுப்பைச் சேர்க்கும், அதே நேரம் தொடையிலிருந்தும் தோளிலிருந்தும் தசையைத் திருடும். தராசு இதைக் காட்டாது. பட்டினி போட்டு எடையைக் குறைத்தால் போவது மிச்சமிருக்கிற தசைதான்.

அம்மாவைக் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் தொடை இளைக்கத் தொடங்கிவிட்டது. சுவரோரம் உறுதியான நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் யாராவது நின்றுகொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். காலை மாலை இரண்டு வேளை. பழகியதும் எட்டு, பத்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடை. உங்கள் ஊர் வீடுகளில்தான் முகப்பிலிருந்து பின்கட்டு வரை போய் வந்தாலே பாதி நடை ஆகிவிடுமே. எலும்புக்குக் கால்சியம், விட்டமின் டி எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கண் பிரஷரையும் ஒருதடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கீழவாசல் | மார்ச் 14, இரவு 9.15

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்கும் இதே நோய். மாதம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ‘பல்ஸ்’ என்று டெக்சாமெத்தசோன் ட்ரிப்பில் ஏற்றுகிறார்கள். அந்த மூன்று நாளும் சுகர் எகிறுகிறது. மாத்திரையைவிட ட்ரிப் கெடுதலா?

வார்டு_நம்பர்_7 | மார்ச் 15, காலை 7.30

அது நம் நாட்டிலேயே, டெல்லி எய்ம்ஸில் 1980களில் உருவான முறை. பெம்பிகஸுக்கு நல்ல பலன் கொடுத்தது. டெக்சாமெத்தசோன் 100 மில்லிகிராம் வீதம் மூன்று நாள். எண்ணைப் பாருங்கள்: டெக்சா 0.75, பிரட்னிசோலோன் 5க்குச் சமம். அப்படியென்றால் 100 என்பது எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதன் வேலையும் ஒரு நாளில் அடங்காது, ஒன்றரை நாளுக்கு மேல் இழுக்கும். அதனால் அண்ணனுக்குக் காலைச் சுகரும் ஏறியிருக்கும். மாத்திரைக்காரர்களிடமிருந்து அவர் வேறுபடுவது இங்கேதான்.

வழக்கமாக அந்த மருந்தை ஏற்றுவது 500 மில்லி, 5 சத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில். அதாவது 25 கிராம் குளுக்கோஸும் கூடவே போகிறது. சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் பாட்டிலிலேயே இன்சுலின் கலப்பது உண்டு. சேரும்போதே “எனக்குச் சுகர் இருக்கிறது” என்று வார்டில் சொல்லச் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். மாத்திரையா ட்ரிப்பா என்பதை அவரைப் பார்க்கிற தோல் டாக்டர் முடிவு செய்யட்டும்.

செவ்வந்தி | ஏப்ரல் 27, இரவு 11.05

ரொம்ப நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். அன்றைக்கே போன் செய்தோம். மறுநாள் காலை இன்சுலின் ஆரம்பித்தார்கள். சிரிஞ்சைச் சரிபார்த்தே வாங்கினோம் ஊசிமுனை அக்கா, கடைக்காரர் முதலில் நீட்டியது ஆரஞ்சு மூடி! பத்து நாளில் சாயங்காலச் சுகர் 190, 180 என்று வந்தது. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார்.

நேற்று ஒரு சம்பவம். சாயங்காலம் ஐந்து மணி. பூ கட்டிக்கொண்டிருந்தவர் கை நடுங்குகிறது என்றாராம், ஜாக்கெட் தொப்பலாக வேர்வை. தம்பி குத்திப் பார்த்தால் 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் 92. பிறகு தயிர் சாதம் கொடுத்தான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. தோல் டாக்டர் 40ஐ 30 ஆக்கி, போன வாரம் 25 ஆக்கியிருந்தார். சுகர் டாக்டருக்கு அது தெரியாது. இன்சுலின் அதே அளவில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு, இரண்டு கவர். நடுவில் அம்மா.

வார்டு_நம்பர்_7 | ஏப்ரல் 28, காலை 6.50

தம்பி செய்தது அப்பழுக்கில்லாத முதலுதவி. அவனிடம் சொல்லுங்கள்.

ஏறும்போது எல்லோரும் கவனிக்கிறார்கள், இறங்கும்போதுதான் கோட்டை விடுகிறோம். எங்கள் ஆட்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்டீராய்டு ஒரு படி இறங்கினால் இன்சுலினையும் கிளிமிபிரைடையும் அன்றே மறுபடி பார்க்க வேண்டும். தோல் டாக்டர் அளவை மாற்றும் நாளன்று, வாசலைத் தாண்டும் முன்பே சுகர் டாக்டருக்குப் போன். முந்தாநாள் வந்த 58ஐயும் இன்றே சொல்லிவிடுங்கள், அடுத்த ஊசிக்கு முன்னால்.

ரத்தினம்_65 | ஏப்ரல் 28, காலை 8.15

எங்க வீட்டுல முருகன் படம் போட்ட தினசரி காலண்டர்லதான் கணக்கு. தாளோட மேல் மூலைல ஸ்டீராய்டு எத்தனை, கீழ் மூலைல இன்சுலின் எத்தனை, நடுவுல சாயங்காலச் சுகர். கிழிச்ச தாளைத் தூக்கிப் போடாம கிளிப் போட்டு, எந்த டாக்டர்கிட்டப் போனாலும் அந்தக் கட்டைத்தான் முதல்ல நீட்டுவேன். சிரிப்பாங்க. ஆனா வாங்கிப் பாப்பாங்க.

மல்லி_கொடைரோடு | மே 3, மதியம் 3.20

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். எனக்குச் சுகர் உண்டு. வர்ற வெள்ளிக்கிழமை மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஊசிதானே, இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

ஊசிமுனை | மே 3, மாலை 6.00

பொருந்தும்மா, சின்ன அளவில். போட்ட அன்றைக்கோ மறுநாளோ ஏற ஆரம்பித்து, சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை இருக்கும். பிறகு தானாக இறங்கும். ஊசி போடுகிறவரிடம் சுகர் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த வாரத்துக்கு ஸ்ட்ரிப் டப்பா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

செவ்வந்தி | மே 19, இரவு 9.48

ஸ்டீராய்டு 20க்கு வந்தாச்சு. இந்தத் தடவை தோல் டாக்டர் ரூம் வாசலில் நின்றபடியே தம்பி அடுத்தவருக்குப் போன் போட்டான், இன்சுலினையும் குறைத்தார்கள். எடை 60.5. முகம் இன்னும் முழுசாக வற்றவில்லை. கை ஊன்றாமல் ஏழு தடவை எழுந்திருக்கிறார், எட்டாவதுக்கு என்னைத் திட்டுகிறார்.

சித்தி மகளுக்கு ஆண் குழந்தை. நேற்று பார்க்கக் கிளம்பும்போது பீரோவைத் திறந்து மோதிரத்தைப் போட்டுப் பார்த்தாராம். முட்டியைத் தாண்டவில்லை. சுண்டு விரலில் போட்டுக்கொண்டு போனார்.